இரண்டு மாதத்தில் நானும் வெளிமாநிலத்தான்

"நாம வரி கட்டி நடத்துற காலேஜ்ல நியூஜெர்சிப் பையனுக்கு என்ன வேலை?"

இப்படிக் கேட்டவன் நான்தான். 2025 மார்ச் மாதம், கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகரில், என் மைத்துனி வீட்டில் இரவு தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. அந்த நியூஜெர்சிப் பையன் யாரோ மூன்றாம் மனிதன் இல்லை. என் மனைவியின் அண்ணன் மகன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகத்தில் அவனுக்கு இடம் கிடைத்த செய்தி அன்று காலைதான் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அதே வளாகம் என் மகளைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டிருந்தது. அவளும் அந்த மேசையில்தான் இருந்தாள். தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மே மாதம் முடிவதற்குள் இன்னொரு வளாகத்திலிருந்து எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் மகளை 'கலிஃபோர்னியாவில் வசிக்காதவர்' என்று வகைப்படுத்தியிருந்தார்கள். அதனால் ஆண்டுக்கு 37,602 டாலர் கூடுதல் கட்டணம். தோசை மேசையில் நான் கேட்ட கேள்வியை ஒரு அலுவலகம் என்னிடமே திருப்பிக் கேட்டது போல இருந்தது.

வளாகங்களின் பெயர்களை இதில் வேண்டுமென்றே எழுதவில்லை. அவள் அங்கே இன்னும் மூன்று வருடம் படிக்க வேண்டும்.

முதலில் எங்கள் கதை. நான் 2004இல் மேற்படிப்புக்காக டெக்சாஸ் வந்தவன். பெரியவள் டாலஸில் பிறந்தாள். 2021 ஜூலையில் வேலை நிமித்தம் ஃப்ரீமாண்டுக்கு வந்தோம், அவள் அங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். 2024 பிப்ரவரியில் என் வேலை போனது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம்தான். அதற்குள் வேறு வேலை வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். 52ஆவது நாள் ஆஸ்டினில் ஒரு வேலை கிடைத்தது. மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. நடுவில் பிடுங்கி நட மனமில்லாமல் நான் மட்டும் ஆஸ்டின் போனேன். ஃப்ரீமாண்ட் வாடகையும் ஆஸ்டின் வாடகையும் சேர்ந்து எட்டு மாதத்தில் கையைக் கடித்துவிட்டன. 2025 ஜனவரியில் மனைவியும் சின்னவனும் என்னுடன் வந்துவிட்டார்கள். பெரியவள் சித்தி வீட்டில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பது என்று ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டைப் பேசி முடித்த அன்று நாங்கள் வாடகையைக் கணக்குப் போட்டோம், விமான டிக்கெட்டைக் கணக்குப் போட்டோம். குடியிருப்பு விதி என்று ஒன்று இருப்பது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

விண்ணப்பம் போட்டது அதற்கு முன்னால், நவம்பரில். ஆறு வளாகங்கள், ஒன்றுக்கு 80 டாலர் வீதம் 480 டாலர். எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண்ணை இந்தப் பல்கலைக்கழகம் இப்போது பார்ப்பதே இல்லை. அனுப்பினாலும் தேர்வில் அது சேராது. இது தெரியாமல் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டிய குடும்பங்கள் எங்கள் வட்டத்தில் உண்டு. வேறு மாநிலங்களுக்கு உதவலாம் என்று அவர்கள் தேற்றிக்கொள்வார்கள். நாங்களும் அப்படித்தான் தேற்றிக்கொண்டோம்.

முடிவுகள் மார்ச்சில் வந்தன. இரண்டில் இடம், மூன்றில் இல்லை, ஒன்றில் காத்திருப்பு. அந்தக் காத்திருப்புதான் அவள் மனதில் வைத்திருந்த வளாகம்.

சரி, தோசை மேசைக்கு வருகிறேன். நான் கேட்டதற்குப் பதில் சொன்னவர் என் சகலை. அமைதியான ஆள். எதற்கும் எக்செல் திறக்காமல் பேச மாட்டார். "அண்ணா, அவன் வெளியிலிருந்து வர்றதால அவனுக்கு வாசல் அகலம்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு மடிக்கணினியை எடுத்துவந்தார். அன்று இரவு பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தோம்.

அவர் காட்டிய முதல் விஷயம், எழுத்தில் உள்ள விதிப்படி வெளியூர்க்காரனுக்கு வாசல் குறுகல் என்பது. கலிஃபோர்னியா மாணவருக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ, அதாவது பள்ளி மதிப்பெண் சராசரி, 3.0, வெளிமாநிலத்தவருக்கு 3.4. பள்ளியில் எடுக்கும் சில ஆனர்ஸ் பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி கலிஃபோர்னியா பிள்ளைகளுக்கு உண்டு. வெளிமாநிலப் பிள்ளைக்கு ஏபி, ஐபி போன்ற கல்லூரித் தரப் பாடங்களுக்கு மட்டும்தான் அந்தப் புள்ளி. தன் பள்ளியில் முதல் 9 சதவீதத்துக்குள் வரும் கலிஃபோர்னியா மாணவர் கேட்ட வளாகம் கிடைக்காமல் போனாலும், இடமிருக்கும் வேறொரு வளாகத்தில் அவருக்கு இடம் தருவதாக ஏற்பாடு இருக்கிறது. வெளிமாநிலத்தவருக்கு அது கிடையாது. என் மகள் 4.1 வைத்திருந்தும் அவள் பள்ளியில் அந்த 9 சதவீதத்துக்குள் வரவில்லை. ஃப்ரீமாண்ட் பள்ளிகளில் போட்டி அப்படி.

"விதி அப்படி. நடந்தது?" என்று கேட்டேன். சகலை சிரித்தார். "அதுக்குத்தான் 2016 அறிக்கை இருக்கு."

இந்த இடத்தில் என் கோபத்துக்குத் தீனி கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2008இல் பொருளாதாரம் சரிந்தபோது மாநில அரசு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த பணத்தை வெட்டியது. பல்கலைக்கழகம் அந்தப் பள்ளத்தை நிரப்ப வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களை அதிகம் சேர்த்தது. அவர்கள் கட்டும் கூடுதல் கட்டணம் அந்தந்த வளாகத்திலேயே தங்கும்படியும் ஆனது. பிறகென்ன, வளாகங்கள் சும்மா இருக்குமா? 2016 மார்ச்சில் மாநிலத் தணிக்கையாளர் எலைன் ஹௌல் ஒரு அறிக்கை வெளியிட்டார். 2010-11க்கும் 2014-15க்கும் இடையில் வெளியார் சேர்க்கை 82 சதவீதம், அதாவது சுமார் 18,000 பேர், கூடியது. அதே காலத்தில் உள்ளூர் மாணவர் எண்ணிக்கை சுமார் 2,200 குறைந்தது. அதைவிட என்னைச் சுட்டது இன்னொன்று. மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 16,000 வெளியாருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தந்த வளாகத்தில் இடம் பெற்ற உள்ளூர் மாணவர்களின் நடு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால், தணிக்கையில் பார்த்த எல்லா மதிப்பெண்ணிலும் அந்த 16,000 பேர் கீழே இருந்தார்கள்.

2011இல் பல்கலைக்கழகம் தன் அளவுகோலைத் தளர்த்தியிருந்தது. அதற்கு முன்பு, வெளியார் என்றால் தகுதி பெற்ற உள்ளூர் மாணவர்களில் மேல் பாதிக்குச் சமமாக இருக்க வேண்டும். பிறகு, உள்ளூர் மாணவரோடு ஒப்பிட்டால் நன்றாக இருந்தால் போதும் என்றார்கள். சமையலில் 'உப்பு தேவையான அளவு' என்று எழுதுவது போன்ற விதி. பல்கலைக்கழகம் அறிக்கையை ஏற்கவில்லை. வெளியார் பணம்தான் உள்ளூர்ப் பிள்ளைகளின் படிப்பைத் தாங்குகிறது என்றது. அதிலும் உண்மை இருந்தது.

இதன் பிறகுதான் கடிவாளம் வந்தது. 2017இல் ஐந்து வளாகங்களில் வெளியார் சேர்க்கைக்கு 18 சதவீத உச்சவரம்பு. அப்போதே அதைத் தாண்டியிருந்த பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, அர்வைன் நான்கும் அன்றிருந்த அளவோடு நிற்க வேண்டும். 2021இல் அரசு இன்னொரு படி போனது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் ஐந்தாண்டில் 18 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், ஆண்டுக்குச் சுமார் 900 இடங்கள் உள்ளூர் மாணவருக்குத் திரும்ப வேண்டும், அதனால் இழக்கும் கட்டணத்தை அரசு ஈடுகட்டும் என்று ஏற்பாடு. ஆக, 2016இன் கோபத்தை 2025இல் அப்படியே எடுத்துக்கொண்டு கத்துவதற்கு எனக்குப் பெரிய நியாயம் இல்லை. என் கைக்கு அந்த அறிக்கை ஒன்பது வருடம் தாமதமாக வந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த இரவில் சகலை காட்டிய இன்னொன்றை நான் மறக்கவே மாட்டேன். பல்கலைக்கழகத்தின் தகவல் மையத்தில் பள்ளி வாரியாக விவரம் இருக்கிறது. எந்தப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் எந்த வளாகத்துக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மூன்று எண்கள். இலவசம், யாரும் பார்க்கலாம். ஆலோசகருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டும் பெற்றோர் முதலில் இந்தப் பக்கத்தில் அரை மணி நேரம் செலவிட வேண்டும். அதில் நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்த விஷயம், 'இடம் கிடைத்தவர்' என்ற எண்ணும் 'சேர்ந்தவர்' என்ற எண்ணும் வேறு வேறு என்பது. வெளியார் பலருக்கு இடம் கொடுப்பார்கள், ஏனென்றால் அவர்களில் பெரும்பாலோர் வர மாட்டார்கள் என்று வளாகத்துக்குத் தெரியும். கட்டண விவரம் கையில் வந்ததும் கழன்றுகொள்வார்கள். உச்சவரம்பு சேர்ந்தவர்களைத்தான் எண்ணுகிறது.

என் மைத்துனர் மகன் விஷயத்திலும் அதுதான் நடந்தது. ஏப்ரலில் மைத்துனர் கூப்பிட்டார். கட்டணம், கூடுதல் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு எண்பதாயிரம் டாலரைத் தொடுகிறது என்றார். வெளிமாநில மாணவருக்கு அந்தக் கூடுதல் கட்டணத்தை ஈடுகட்டும் உதவித்தொகை கிடைப்பது அரிது. பையன் தன் ஊரிலேயே ரட்கர்ஸில் சேர்ந்துவிட்டான். அதுவும் மாநிலப் பல்கலைக்கழகம், உள்ளூர்க் கட்டணம். "இடம் கிடைச்சதே ஒரு சந்தோஷம், மாப்பிள்ளை" என்றார். நான் பேச்சை மாற்றினேன். மார்ச்சில் அவர் பையனைப் பற்றி நான் பேசியது அவருக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

அவன் விட்ட இடம் என் மகளுக்கு வந்ததா? வரவில்லை. காத்திருப்போர் பட்டியலில் இருக்க விரும்புவதாகத் தனியாகச் சம்மதம் தெரிவிக்க வேண்டும், அதைச் சரியாகத்தான் செய்தோம். ஆனாலும் அந்த வளாகத்தில் வெளியார் கணக்கும் உள்ளூர்க் கணக்கும் தனித்தனியாக ஓடுகின்றன, படிப்பு வாரியாகவும் பிரிகின்றன. ஒரு கதவு மூடினால் பக்கத்துக் கதவு திறக்கும் அமைப்பு இல்லை அது. அவள் இடம் கிடைத்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மே 1ஆம் தேதிக்கு முன்பே சம்மதத்தைச் சொல்லிவிட்டோம்.

கதை இங்கே முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

சேர்வதாகச் சம்மதம் தெரிவித்த ஒவ்வொரு மாணவரும், உள்ளூரோ வெளியூரோ, சட்டப்படி எங்கே வசிக்கிறார் என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெற்றோர் எங்கே இருக்கிறார்கள், எந்த மாநிலத்தில் வருமான வரி கட்டினார்கள், ஓட்டுநர் உரிமம் எந்த மாநிலம், கார் எங்கே பதிவு என்று கேள்விகள். மகள் என்னை வீடியோவில் வைத்துக்கொண்டு நிரப்பினாள். நான் உண்மையைச் சொன்னேன். ஆஸ்டின், ஆஸ்டின், ஆஸ்டின். நாலைந்து நாளில் பதில் வந்தது. வசிக்காதவர்.

விதி இப்படி. கட்டணத்துக்கு கலிஃபோர்னியாக்காரர் என்று ஆக, வகுப்பு தொடங்கும் முன் ஓராண்டுக்கு மேல், 366 நாள், அங்கே உடலளவில் இருந்திருக்க வேண்டும். இங்கேயே இருக்கப்போகிறேன் என்ற எண்ணத்தை ஆவணங்கள் காட்ட வேண்டும். மாணவருக்கு 24 வயது ஆகாமல், திருமணமும் ஆகாமல், பெற்றோர் பணத்தில் படித்தால், பெற்றோரில் ஒருவராவது கலிஃபோர்னியாவில் வசிக்க வேண்டும். மகள் நான்கு வருடம் அங்கே இருந்தாள். நாங்கள் இல்லை.

பெற்றோர் மாநிலத்தை விட்டுப் போன ஓராண்டுக்குள் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் அது மைனர் பிள்ளைக்கு. என் மகளுக்கு நவம்பரில் 18 முடிந்தது. அவள் அம்மா ஜனவரியில் கிளம்பினாள். இரண்டு மாதம் முன்னால் கிளம்பியிருந்தால் விதிவிலக்குக்குள் வந்திருப்போம். தீபாவளியையும் பிறந்தநாளையும் பிள்ளையோடு கொண்டாடிவிட்டுப் போகலாம் என்று இருந்ததற்கு இது விலை.

"அப்போ டெக்சாஸ்ல போட்டிருக்கலாமே?" என்று பலர் கேட்டார்கள். டெக்சாஸில் 1997 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பள்ளியில் முதல் 10 சதவீதத்தில் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம். ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் அது 6 சதவீதமாகச் சுருங்கி, 2026 முதல் 5 ஆகிறது. புது மாணவர்களில் 90 சதவீதம் டெக்சாஸ்காரர்களாக இருக்க வேண்டும் என்றும் அங்கே கட்டுப்பாடு. ஆனால் அந்தத் தானாகக் கிடைக்கும் இடம் டெக்சாஸ் பள்ளியில் படித்தவர்களுக்கு. அப்பா அம்மா டெக்சாஸ், பள்ளி கலிஃபோர்னியா. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று என் அம்மா சொல்வார், அதை அன்றுதான் முழுதாக அனுபவித்தேன். நான்கு வருடத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர். அன்று இரவு நானும் மனைவியும் சாப்பிடவில்லை.

தூக்கம் வராமல் படுத்திருந்தபோது நினைவுக்கு வந்தது 1999. என் அப்பா வங்கி அதிகாரி, மாற்றலில் ஹைதராபாத் போனார். பதினொன்று, பன்னிரண்டு அங்கே படித்துவிட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு வந்தால், தமிழ்நாட்டுக்காரன் என்று நிரூபி என்றார்கள். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் கேட்க மாட்டார்கள். எனக்கு இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். தாத்தா கட்டிய வீட்டின் பத்திரம், அப்பாவின் பள்ளிச் சான்று, ரேஷன் அட்டை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று பதினோரு நாள் அலைந்தோம். "பையன் ஹைதராபாத்துக்காரன்தானே?" என்று ஒரு எழுத்தர் கேட்டபோது அப்பாவின் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

அப்புறம் 2004. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைத்த உதவித்தொகை வெறும் 1,000 டாலர். ஆனால் போட்டியில் வென்று குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகை பெறும் வெளி மாணவரிடம் உள்ளூர்க் கட்டணமே வாங்கலாம் என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. இந்தியாவிலிருந்து வந்து இறங்கி மூன்று வாரம்கூட ஆகாத நான், டெக்சாஸ் வரிகட்டிகளின் பிள்ளைகள் கட்டிய கட்டணத்தைக் கட்டிப் படித்தேன். அந்தப் பணத்தில் யார் பிள்ளைக்கு என்ன குறைந்தது என்று அன்று நான் யோசிக்கவே இல்லை.

எங்களைக் காப்பாற்றியவர் மகளின் பள்ளி ஆலோசகர். பள்ளி முடியும் முன் கடைசிக் கையெழுத்துக்காகப் போனவள் அழுதிருக்கிறாள். அவர் கேட்ட ஒரே கேள்வி: "ஏபி 540 படிவம் கொடுத்தாயா?"

மகள் சொன்னபோது நான், "அது பேப்பர் இல்லாத பிள்ளைங்களுக்கு. நமக்கு எதுக்கு?" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை நான் மட்டும் சொல்லவில்லை. எங்கள் நண்பர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள். ஏபி 540 என்பது 2001இல் கலிஃபோர்னியா இயற்றிய சட்டம். குடியேற்ற ஆவணம் இல்லாத மாணவர்கள் இதனால் பயன்பெறுவது உண்மை, செய்தியில் அடிபடுவதும் அதற்காகத்தான். ஆனால் சட்டம் கேட்பது, கலிஃபோர்னியா உயர்நிலைப் பள்ளியில் மூன்று வருடமாவது படித்து அங்கேயே முடித்தாயா என்பதை. ஆம் என்றால் பெற்றோர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அந்த 37,602 டாலர் கிடையாது. அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைகளும் இதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். எச்-4 (எச்-1பிகாரரின் குடும்பத்துக்குத் தரும் விசா) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் பெரும்பாலும் இது பொருந்தாது.

இந்தச் சட்டம் நீதிமன்றத்தைத் தாண்டி வந்தது. கலிஃபோர்னியாவில் படித்த வெளிமாநில அமெரிக்க மாணவர்கள் சிலர், நாங்கள் கூடுதல் கட்டணம் கட்டும்போது ஆவணம் இல்லாதவர் எப்படிக் குறைவாகக் கட்டலாம் என்று வழக்குப் போட்டார்கள். 2010இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. சட்டம் பார்ப்பது வசிப்பிடத்தை இல்லை, பள்ளிப் படிப்பை. அந்தத் தகுதி இருக்கும் யாருக்கும் சலுகை உண்டு என்றது தீர்ப்பு. அந்த வழக்கைப் பற்றி முன்பே எங்கோ படித்தபோது நான் யார் பக்கம் இருந்தேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீர்ப்பு இப்போது என் மகளுக்கு வேலை செய்தது.

ஒரு பக்கப் படிவம், உறுதிமொழியில் கையெழுத்து, பள்ளியின் இறுதி மதிப்பெண் பட்டியல். அவ்வளவுதான். ஜூலை இரண்டாம் வாரம் கணக்கில் இரண்டு வரிகள் தெரிந்தன. மேலே கூடுதல் கட்டணம், கீழே அதே தொகைக்கு விலக்கு. மீதி, 15,000 டாலருக்குச் சற்றுக் குறைந்த கட்டணமும் விடுதியும். சேரும் ஆண்டின் கட்டணம் ஆறு வருடம்வரை ஏறாது என்று 2022 முதல் ஒரு ஏற்பாடு இருப்பதால் அதையாவது நம்பிக் கணக்குப் போட முடிந்தது.

இதெல்லாம் முடிந்த பிறகு ஊர் மாறப்போகும் நண்பர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது: பிள்ளை பதினொன்றில் இருக்கும்போது வேலை மாறினால், சம்பளத்தைப் பேசுவதற்கு முன் மூன்று தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளைக்கு 18 ஆகும் நாள், கடைசிப் பெற்றோர் மாநிலத்தை விட்டுக் கிளம்பும் நாள், கல்லூரியில் முதல் வகுப்பு நாள். இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள தூரம்தான் கட்டணம். ஒரு பெற்றோர் தங்க முடியுமென்றால் அவர் பெயரில் வாடகை ஒப்பந்தம், கலிஃபோர்னியா உரிமம், மாநில வரி விவரம் எல்லாம் இருக்கட்டும். பிள்ளை எச்-4 விசாவில் இருந்தால் ஏபி 540 கை கொடுக்காது. அப்போது பெற்றோர் அங்கேயே இருப்பதுதான் வழி, எச்-1பி, எச்-4 குடும்பங்கள் அப்படி இருந்து உள்ளூர்க் கட்டணம் பெற முடியும். 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற நேர்ந்தால் அந்த விசாவை வைத்துப் புதிதாகக் குடியிருப்புக் கோர முடியாது, ஆகவே அந்த வயதையும் தாளில் சேருங்கள்.

இடம் கிடைக்காமல் தவிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் இன்னொன்றும் சொல்கிறேன். சமுதாயக் கல்லூரி என்றால் நம் ஆட்களுக்கு முகம் சுருங்கும். ஆனால் அங்கே இரண்டு வருடம் படித்து மாறுவோருக்கு டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைட், சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்று ஒப்பந்தமே தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் இந்த ஒப்பந்தத்தில் இல்லை, ஆனால் அங்கும் மாறி வருவோர் நிறைய. மகளின் தோழி ஒருத்தி டி ஆன்சா கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். செலவைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

நியாயம் என்ன என்று சகலையோடு இன்னும் வாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 18 சதவீத வரம்பு எனக்குச் சரியாகப் படுகிறது. வட கரோலினாவும் 1986இல் புது மாணவர்களுக்கு இதே 18ஐத்தான் வரம்பாக வைத்தது. ஆனால் என்னைக் கேட்டால் கலிஃபோர்னியாவில் இடப் பஞ்சத்துக்கு முதல் காரணம் நியூஜெர்சிப் பையன் இல்லை. 1965இல் அர்வைனும் சாந்தா குரூஸும் திறந்தார்கள். அடுத்த இளநிலை வளாகம் மெர்சட், திறந்தது 2005இல். இடையில் நாற்பது வருடம். மாநிலத்தின் மக்கள்தொகை அதற்குள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. திறந்த மெர்சட்டுக்கும் போக ஆளில்லை. 2014-15இல் கேட்ட வளாகம் கிடைக்காத சுமார் 10,700 உள்ளூர் மாணவரை அங்கே அனுப்பப் பார்த்தார்கள், சேர்ந்தது 2 சதவீதம்தான். நாமும் நம் பிள்ளைகளிடம் மூன்று பெயர்களைத் தவிர வேறு பெயர் சொல்வதில்லையே.

இன்னொன்று, பின்வாசல். 2020இல் அதே தணிக்கை அலுவலகம் நான்கு வளாகங்களில் 64 பேர் நன்கொடையாளர், ஊழியர் தொடர்பால் முறைகேடாக இடம் பெற்றதைக் கண்டுபிடித்தது. அதில் பெரும்பாலோர் பெர்க்லியில். வாரிசுகளுக்குச் சலுகை இல்லை என்று பெருமையாகச் சொல்லும் பல்கலைக்கழகம் இது. அந்த 64 பேரைப் பற்றி எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவரும் பேசி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் நடப்பது வெளிமாநிலப் பேச்சுதான். "64 பேர்தானே, அண்ணா" என்கிறார் சகலை. எண்ணிக்கையில் அவர் சரி. எனக்கு என்னவோ அந்த 64 உறுத்துகிறது.

மகள் செப்டம்பரில் சேர்ந்தாள். அறைத்தோழி இல்லினாய் மாநிலத்திலிருந்து வந்தவள், முழு வெளிமாநிலக் கட்டணம் கட்டுகிறவள். "அவ அப்பா ரெண்டு வேலை பார்க்கிறார்ப்பா" என்று முதல் வாரமே மகள் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சின்னவன் இப்போது ஆஸ்டினில் ஏழாம் வகுப்பு. அவனுடைய பள்ளிச் சான்றுகள், வாடகை ஒப்பந்தங்கள், எங்கள் வரி விவரங்கள் எல்லாவற்றையும் மனைவி ஒரு பையில் சேர்த்துவைக்கிறாள். ஊரிலிருந்து வந்த ஜவுளிக்கடை மஞ்சள் பை. போன மாதம் என் அலுவலகத்தில் ஆட்குறைப்பு என்று வதந்தி கிளம்பியபோது அந்தப் பையை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். "வேலை மாறட்டும். அவன் பன்னிரண்டு முடிக்கிற வரைக்கும் ஊர் மாறக் கூடாது" என்றாள்.